யாரையும் பார்க்காத குட்டி

நாய்க்குட்டி பார்க்கப் போகிறவர்களை மாப்பிள்ளை வீட்டார் என்றுதான் சொல்வார்கள். நாங்களும் அப்படித்தான் போனோம். ராகுகாலம் கழிந்து, பூவும் பழமும் வாங்கிக்கொண்டு, நானும் என் மனைவி கோகிலாவும்.

நாய் கேட்டது கோகிலாதான். மகள் வேலைக்காக வெளிநாடு போன பிறகு அவள் ஃபிரிட்ஜோடு பேசிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளாக அது பதில் சொல்வதை நிறுத்திவிட்டது. கதவைத் திறந்தால் விளக்கை மட்டும் போடும். "மூஞ்சியத் திருப்பிக்குதுங்க," என்று என்னிடம் வந்து அழுதாள். எனக்குப் பாவமாக இருந்தது.

நான் சந்தேகப்படுகிற ஆள். இதைப் பெருமையாகவே சொல்கிறேன். உழவர் சந்தையில் வெண்டைக்காயை ஒவ்வொன்றாக நுனி ஒடித்துப் பார்த்துத்தான் வாங்குவேன். பட்டென்று ஒடிந்தால் பிஞ்சு. ஒடியாமல் வளைந்தால் முற்றல். அதைக் கூடையிலேயே திருப்பிப் போட்டுவிடுவேன். தேங்காயைத் தட்டிப் பார்ப்பேன். தர்பூசணியில் காதை வைத்துக் கேட்பேன். இதுவரை என்னை யாரும் ஏமாற்றியதில்லை.

குட்டி பார்க்கப் போன வீடு வெளியிலிருந்து பார்க்க ஒரு டீக்கடை அளவுதான் இருந்தது. உள்ளே நிறையக் குரைப்புச் சத்தம் கேட்டது. நாங்கள் செருப்பைக் கழற்றியதும் சட்டென்று நின்றது. இதை நான் மனதில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்காரர் சென்னியப்பன் கும்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் மனைவி வளர்மதி கேசரியும் பஜ்ஜியும் காபியும் கொண்டுவந்து வைத்தாள்.

"நாங்க நாய் விக்கிறதில்லைங்க," என்றார் சென்னியப்பன். "நல்ல இடமாப் பாத்துக் கட்டிக் கொடுக்கறோம். நீங்க ஏதோ சீர் செய்யறீங்க, அவ்வளவுதான்."

வெற்றிலைத் தட்டில் பாக்குக்குப் பக்கத்தில் கார்டு தேய்க்கும் மெஷின் இருந்தது. அதற்கும் சந்தனம் வைத்திருந்தார்கள்.

"சுத்தமான சாதிங்களா?" என்று கேட்டாள் கோகிலா. அவளுக்கு வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"ஒரு துளி கலப்பு கிடையாதுங்க."

"அப்பா யாரு?" என்றேன் நான்.

"அம்மாவோட அண்ணன்."

"தாத்தா?"

"அவரும் அவருதான். ரத்தம் வெளிய போகக் கூடாது பாருங்க."

சுவரில் தாய் நாயின் படம் மாட்டியிருந்தது. படத்துக்கு மாலை போட்டு, கீழே சிவப்பு பல்பு எரிந்தது.

"தவறிட்டாங்களா?"

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க. நல்லா இருக்கறாங்க."

"அப்புறம் எதுக்கு மாலை?"

"எப்படியும் போடறதுதானுங்களே. கடையில நல்ல மாலையா இருந்துது, வாங்கிட்டோம்."

நியாயமாகத்தான் இருந்தது. அதனால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.

வளர்மதி குட்டியைக் கொண்டுவந்து கோகிலாவின் மடியில் விட்டாள். வெள்ளையில் பழுப்புத் திட்டுகள். இடது காது மடங்கியிருந்தது. கண்கள் மூடியிருந்தன.

"கூச்சப்படுதுங்களா?" என்றாள் கோகிலா.

"கூச்சமில்லீங்க, புதுசு," என்றார் சென்னியப்பன். "இன்னும் யாரையும் பாக்கலை. முதல்ல யாரைப் பாக்குதோ அவங்களத்தான் சொந்தம்னு நினைச்சுக்கும். அதனால கண்ணு தெறக்கறதுக்குள்ள அம்மாகிட்டிருந்து தூக்கிடறது. சீல் பிரிக்காமத் தர்றோம். உங்க வீட்டுக்குப் போய்த் தெறக்கும்."

கோகிலா குட்டியின் காதை நிமிர்த்திவிட்டாள். அது மறுபடியும் மடங்கியது. அவள் சிரித்தாள். மகள் போன பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

"அம்மாவைப் பாக்கணும்," என்றேன்.

"குளிச்சிட்டிருக்கறாங்க," என்றார் சென்னியப்பன்.

"கோயிலுக்குப் போயிருக்கறாங்க," என்றாள் வளர்மதி அதே நேரத்தில்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "குளிச்சிட்டுக் கோயிலுக்குப் போயிருக்கறாங்க," என்றார் சென்னியப்பன்.

நான் கேசரி ஒட்டிய விரல்களைத் தூக்கிக் காட்டினேன். "கை கழுவணும்."

"பின்னாடி போங்க. கிட்டதான்."

கிட்ட இல்லை. கூடத்துக்குப் பின்னால் ஒரு நடைவழி ஆரம்பித்தது. டீக்கடை அளவு வீட்டுக்குள் அது எப்படி அடங்கியது என்று தெரியவில்லை. இரண்டு பக்கமும் கதவுகள். எல்லாவற்றிலும் பூட்டு. ஒவ்வொரு கதவுக்கு அடியிலும் ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தது. ஒவ்வொரு வெளிச்சத்திலும் ஒரு மூக்கு தெரிந்தது. நான் கடக்கும்போது மூக்குகள் என்னை முகர்ந்தன. யாரும் குரைக்கவில்லை. குரைப்பது எப்போது என்று அவர்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள் போல.

நடந்து நடந்து கால் வலித்தது. ஓரிடத்தில் உட்கார்ந்து இளைப்பாறினேன். எழுந்தபோது எதிரில் கை கழுவும் தொட்டி இருந்தது. தொட்டிக்குக் கீழே ஒரு கம்பிக் கூண்டு. கூண்டுக்குள் படத்தில் இருந்தவள் படுத்திருந்தாள். கூண்டை அவள் அளவுக்கே செய்திருந்தார்கள். திரும்பிப் படுக்க மட்டும் இடமில்லை.

"கை கழுவ வந்தீங்களா?" என்றாள்.

"இல்லைங்க. ஒரு சந்தேகம்."

"என்ன?"

"குட்டிக்கு அம்மா இருக்கறாங்களான்னு."

"இருக்கறேன்."

அதோடு விட்டிருக்கலாம். பழக்கம் விடவில்லை. நான் கையை நீட்டுவதற்குள்ளேயே அவள் வாயைத் திறந்தாள். விரலால் ஈறைத் தொட்டுப் பார்த்தேன், வெளுத்திருந்தது. பல் பாதிதான் இருந்தது.

"மீதிப் பல்லு?"

"கம்பியில."

கம்பியைப் பார்த்தேன். கடித்த தடம் இருந்தது. அவள் வயிறு காலியான தலையணை உறைபோலத் தரையில் கிடந்தது. பக்கத்துக் கூண்டு காலியாக இருந்தது. அதைக் கழுவி, புதுத் துணி விரித்து வைத்திருந்தார்கள்.

"அது யாருக்கு?"

"எம் மகளுக்கு. போன ஈத்துல ஒருத்திய விக்காம வெச்சுக்கிட்டாங்க. எனக்கு அடுத்து அவதான்."

பேச்சை மாற்றலாம் என்று, கூடத்தில் இருக்கும் குட்டியைப் பற்றிச் சொன்னேன். வெள்ளை, பழுப்புத் திட்டு, மடங்கிய காது.

"இடது காதுங்களா?"

"ஆமா."

"நான் அதப் பாத்திருக்கறேன். அதுதான் என்னைப் பாக்கலை," என்றாள். "எங் குழந்தைங்க ஒண்ணுகூட என்னைப் பாத்ததில்லைங்க. ஒரு உதவி பண்ணுவீங்களா? அதத் தூக்கிட்டு வந்து இங்க வெச்சுக் கண்ணத் தெறக்கச் சொல்லுங்க. என்னைப் பாத்துட்டுப் போகட்டும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். என்னை வெளிய விடச் சொல்லிக் கேக்கலை."

"கூட்டிட்டு வர்றேன்," என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

"வருவீங்க. சந்தேகப்படறவங்கதான் இவ்வளவு தூரம் வர்றாங்க. மத்தவங்க கேசரியோட போயிடறாங்க." கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். "எதுக்குச் சந்தேகப்படறீங்க?"

"ஏமாந்துடக் கூடாதுன்னு."

"யாரு?"

"நான்தான்."

அவள் முகத்தைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டாள்.

திரும்பும்போது நடைவழி இன்னும் நீண்டிருந்தது. கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது எனக்குத் தாடி வளர்ந்திருந்தது. டம்ளரில் என் காபியில் மட்டும் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. தாடியைவிட அந்தக் காபிதான் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

"தட்டு மாத்தியாச்சுங்க," என்றார் சென்னியப்பன்.

கோகிலாவின் முடியில் வளர்மதி மல்லிகை வைத்துவிட்டிருந்தாள். கோகிலா குட்டியோடு பேசிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு என்ன குழம்பு வைத்தாள், மகள் போனில் என்ன சொன்னாள், எல்லாவற்றையும். குட்டி கண்ணை மூடியபடியே வாலை ஆட்டிப் பதில் சொன்னது.

"குட்டியை அம்மாகிட்டக் காட்டணும்," என்றேன்.

மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. சுவரில் படத்தின் மாலை கொஞ்சம் ஆடியது.

"அதுக்கென்னங்க," என்றாள் வளர்மதி. "நீங்க எதுக்கு அலையறீங்க? அம்மாவையே வரச் சொல்லறேன்."

நடைவழிப் பக்கமாக இல்லாமல் வாசல் பக்கமாக ஒரு நாய் உள்ளே வந்தது. பட்டுத் துணி போர்த்தியிருந்தது. ஷாம்பு வாசனை. பல்லெல்லாம் வெள்ளைவெளேரென்று இருந்தது. வயிறு இறுகிக் கட்டாக இருந்தது. ஒரு குட்டிக்குக்கூடப் பால் கொடுத்த வயிறு இல்லை அது. சந்தையில் இப்படி ஒரு காயை யாராவது என்னிடம் தள்ளப் பார்த்தால் கடையையே தலைகீழாகப் புரட்டியிருப்பேன்.

"இவங்கதான் அம்மா," என்றார் சென்னியப்பன்.

அந்த நாய் என் காலருகே வந்து உட்கார்ந்தது. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "சீக்கிரம் சொல்லிடுங்க சார், இன்னும் நாலு வீடு இருக்கு," என்றது.

குட்டி தலையைத் தூக்கவே இல்லை. வாலும் நின்றுவிட்டது.

அப்போது வீட்டின் பின்னாலிருந்து கம்பியைப் பல்லால் இழுக்கிற சத்தம் வந்தது. ஒருமுறைதான். எல்லோருக்கும் கேட்டது.

"குக்கர்," என்றாள் வளர்மதி.

கோகிலா என்னைப் பார்த்தாள். குட்டியை இரண்டு கையாலும் மூடிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, அம்மாதானுங்களே?"

அது அம்மா இல்லை என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. நான் "இல்லை" என்று சொன்னால் குட்டியை மடியிலிருந்து இறக்கிவிடுவாள். வீட்டுக்குப் போய் ஃபிரிட்ஜைத் திறந்து நிற்பாள். நான் ஆமாம் என்றால் போதும், காலம் முழுக்க அதை நம்பிவிடுவாள். எதையும் ஒடித்துப் பார்க்காமல் வாங்காத மனிதன் சொல்கிறேனே.

"ஜாடை அப்படியே இருக்கு," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். பட்டுத் துணி போர்த்திய நாய் எழுந்து வாசல் வழியாகப் போனது. சென்னியப்பன் மெஷினை நீட்டினார். எனக்கு வெட்கமாக இருந்தது. நிம்மதியாகவும் இருந்தது. இரண்டில் எது அதிகம் என்று நான் சோதித்துப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கோகிலா குட்டியை என் மடியில் கொடுத்துவிட்டுப் பால் சூடு பண்ணப் போனாள். போகிற வழியில் ஃபிரிட்ஜிடம், "எனக்கு இப்ப நேரமில்லை," என்று சொன்னாள். பிறகு பால் பொங்கும் சத்தம் கேட்டது. பிறகு அவள் காலடிச் சத்தம் கேட்டது. எங்கள் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு கதவுதான் உண்டு. அவள் நடந்து வந்துகொண்டே இருந்தாள்.

குட்டி கண்ணைத் திறந்தது.

முதலில் பார்த்தது என்னை. வெகுநேரம் பார்த்தது. பிறகு என் கையை முகர்ந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது, அங்கே நான் கை கழுவவே இல்லை. அவளுடைய ஈறைத் தொட்ட விரல் அப்படியே இருந்தது.

குட்டி அந்த விரலை வாயில் வைத்துக்கொண்டது. சப்பும் என்று நினைத்தேன். சப்பவில்லை. நுனியை மட்டும் ஈறுகளுக்கு நடுவே பிடித்து, மெல்ல ஒடித்துப் பார்த்தது.

ஒடியவில்லை. வளைந்தது.

குட்டி விரலை வாயிலிருந்து எடுத்து, என் மடியிலேயே திருப்பிப் போட்டது.