பாவாத்தாளின் பித்தப்பை

மதுக்கரை பாவாத்தாள் தன் கணவர் சின்னானோடு பேசி எட்டு வருஷம் ஆகியிருந்தது. அவள் பிள்ளை மாதிரி வளர்த்த கிடாயை, ஒரு வார்த்தை கேட்காமல் கூட்டாளி வீட்டு விருந்துக்கு ஓட்டிக் கொடுத்தவர், அங்கேயே உட்கார்ந்து இரண்டு தரம் கறி வாங்கித் தின்றுவிட்டும் வந்தார். அன்றிலிருந்து சோறு மட்டும் நேரத்துக்கு வந்தது. பேச்செல்லாம் மகன் கதிர் வழியாக. கதிர் வேலைக்குப் போய்விட்டால் சுவரிடம் சொல்வாள். சின்னான் சுவருக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்வார்.

அவளுக்கு வயிற்றுவலி வந்தது. வாயு என்று சொல்லி ஒரு மாதம் சோடா குடித்தாள். ஒருநாள் வலி முதுகுவரை குத்தி வாந்தியும் எடுக்கவே, கதிர் ஆர்.எஸ்.புரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். ஸ்கேனில் பித்தப்பை நிறையக் கல். பையோடு எடுத்துவிடலாம், வயிற்றைப் பெரிதாகக் கிழிக்க வேண்டியதில்லை, தொப்புள் பக்கம் சின்னக் கீறல் போட்டு, இன்னும் இரண்டு மூன்று துளை வைத்தால் போதும் என்றார் டாக்டர் மெர்சி.

"அந்தப் பை இல்லாம ஒடம்பு ஓடுமுங்களா?"

"நல்லாவே ஓடும்மா."

"அப்பறம் எதுக்குங்க சாமி அதெ வெச்சுது?"

டாக்டர் கையெழுத்துத் தாளை நீட்டினார்.

ஆபரேஷன் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. நர்ஸ் சின்னானை உள்ளே கூப்பிட்டார். பாவாத்தாள் பாதிக் கண் திறந்தாள்.

"ஏனுங்க, கறி நல்லாருந்துச்சுங்களா?"

அதன்பின் அவர் குறட்டை, பீடி நாற்றம், அவருடைய அக்காள் வைக்கும் தண்ணிக் குழம்பு என்று எட்டு வருஷத்துப் பாக்கியும் வந்தது, எல்லாம் 'ங்க' போட்டு மரியாதையாக. பக்கத்துக் கட்டில்காரர் சிரிப்பு தாங்காமல் தன் தையலைப் பிடித்துக்கொண்டார். மயக்க மருந்து அப்படித்தான், கண்டுகொள்ளாதீர்கள் என்றார் நர்ஸ்.

"பேசட்டும் உடு கண்ணு" என்ற சின்னான், கட்டிலருகே குனிந்தார். "தப்புத்தான் அம்மணி."

மறுநாள், நேற்று ஏதாவது உளறினேனா என்று அவள் கதிரிடம் கேட்டாள். அவன் மழுப்பினான். என்னைத்தான் திட்டினாய் என்று சின்னானே சொல்லிவிட்டார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சாயங்காலம் தோள்பட்டை வலித்தது. ஆபரேஷனுக்காக வயிற்றில் ஏற்றிய காற்றுதான், நடந்தால் சரியாகும் என்றார் டாக்டர். கதிர் கையை நீட்டினான். பாவாத்தாள் அதை விலக்கிவிட்டுச் சின்னானின் தோளைப் பிடித்தாள்.

"மெதுவா நடங்க. பஸ்ஸா போயிரும்?"

வராந்தாக் கோடி வரைக்கும் திட்டு வாங்கிக்கொண்டே போனார் சின்னான். திரும்பி வந்ததும், இன்னொரு சுற்றுப் போகலாமா என்று அவரே கேட்டார்.