டெரிக்கின் கையில் காப்பு

புதூர்நாடு, மே 1978.

இன்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன். சரியாக வருமா தெரியவில்லை.

மெட்ராஸ் தெருமுனைகளில் கிதார் வாசித்துப் பிழைத்த நான்கு வெள்ளைக்காரர்களுக்கு முதன்முதலாக ஓர் ஓட்டலில் மேடைக் கச்சேரி கிடைத்திருந்தது. நாளை மாலை கச்சேரி. அதற்குள் மலையைப் பார்த்துவிட வந்தார்கள். மாலை வகுப்பில் இங்கிலீஷ் படிப்பவன் என்று என்னை ஒடுகத்தூரில் மொழிபெயர்ப்புக்காக ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்கள்.

இங்கே திருவிழாவுக்குக் காப்புக் கட்டிக்கொண்டிருந்தார்கள். டிரம்ஸ் அடிக்கும் டெரிக் ஆசையாகப் பார்த்தான்.

"காப்பு கட்டிக்கிறாரா, கேளு தம்பி" என்றார் பூசாரி தாண்டவராயன்.

வகுப்பில் படித்தபடி, காப்பு என்றால் பிரேஸ்லெட் என்றேன். டெரிக் சிரித்தபடி கையை நீட்டினான்.

ஜீப் கிளம்பியபோது பூசாரி குறுக்கே வந்து நின்றார். நான் இறங்கினேன்.

"காப்பு கட்னவன் திருவிழா முடியாம எல்லை தாண்டக்கூடாது. தெரியாதா உனுக்கு?"

"நான் வேதக்காரன், பூசாரி. சர்ச்சுக்குப் போறவன். தெரியாதுங்க."

"அப்புறம் இன்னாத்துக்குடா நடுவுல பேசின?"

கூட்டம் ஜீப்பைச் சூழ்ந்தது. பாடகன் மார்ட்டின் கயிற்றை அறுக்கக் கத்தியை எடுத்தான். ஒருவர் குனிந்து கல்லை எடுத்தார். இம்முறை பூசாரி சொன்னதை ஒரு சொல் விடாமல் டெரிக்கிடம் சொன்னேன். அவன் கத்தியைப் பிடுங்கி மடக்கினான்.

"நான் இல்லாமல் வாசியுங்கள்."

"மேடையிலா? டிரம்ஸ் இல்லாமலா?" மார்ட்டின் கத்தினான்.

"தெருவில் அப்படித்தானே வாசித்தோம்" என்று டெரிக் இறங்கினான்.

நான் ஜீப்பில் ஏறக் காலை வைத்தேன்.

"நீ எங்க போற?" பூசாரி என் சட்டையைப் பிடித்தார். "அவனுக்குப் பசிச்சா யாரு சொல்றது? எறங்குடா, பிரேஸ்லெட்டு!"