சுத்தமான ரிப்போர்ட்

அக்காவின் நோய் வேலியே பயிரை மேய்ந்த கதை. கிருமி வந்தால் உடம்பை உஷார்படுத்த வேண்டிய இன்டர்லூகின் என்ற புரதம், கிருமி இல்லாத நாளிலும் கூப்பாடு போட்டது. எதிர்ப்புப் படை கிளம்பி வந்து அவளுடைய மூட்டுகளையே தின்றது. மாதம் ஓர் ஊசி போட்டு அந்தக் கூப்பாட்டை அடக்கினார்கள். மூன்றாவது ஊசிக்குப் பிறகு சட்டைப் பொத்தானைத் தானே மாட்டிக்கொண்டு, பரிசு வாங்கியவள் மாதிரி வீடெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தாள்.

தங்கைக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை. ஒரு செவ்வாய்க்கிழமை அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே வந்துவிட்டாள்.

“காய்ச்சல் இருக்கா?”

“இல்லடி. வலிதான் உயிர் போகுது.”

“உனக்குக் கொசு கடிச்சாலே உயிர் போகும். கையை நீட்டு.”

வெளியாள் என்றால், என்ன மருந்து எடுக்கிறார் என்று படிவத்தில் எழுதாமல் தங்கை ரத்தக்குழாயைத் தொடவே மாட்டாள். சொந்த அக்காவுக்கு என்ன படிவம்? உள்ளே புண்ணோ சீழோ இருந்தால் ஏறும் சி.ஆர்.பி. அளவைப் பார்த்தாள். ஏறவே இல்லை.

“ஒண்ணுமில்லக்கா, வாயுதான். உன் ரிப்போர்ட் என்னோடதைவிடச் சுத்தம்.”

வியாழக்கிழமை அக்காவின் குடல் ஓட்டையாகிச் சீழ் பரவியிருந்தது. வெள்ளிக்கிழமை அக்கா இல்லை.

பத்து நாள் கழித்துத் தங்கை வேலைக்கு வந்தாள். அழுகை வரவில்லை, மனசு மரத்துக் கிடந்தது. ரத்தம் சோதிக்கும் மிஷின்மேல் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. ‘இன்டர்லூகினை அடக்கும் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்குக் காய்ச்சல் வராமலிருக்கலாம், சி.ஆர்.பி. ஏறாமலிருக்கலாம். ரிப்போர்ட்டை நம்பாதே. மருந்தைக் கேள்.’ போன வருஷம் அவளே எழுதி ஒட்டியது. ஊருக்குத்தான் உபதேசம். சீட்டைத் தினமும் பார்த்துப் பார்த்து, அது அவள் கண்ணுக்கு மிஷினின் நிறமாகவே ஆகிவிட்டிருந்தது.

மத்தியானம் அக்கா புருஷன் ஆஸ்பத்திரிக் காகிதம் வாங்க வந்தார். லேபுக்குள் வந்து, மிஷினுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

“சாப்பிட்டியாம்மா?”

“ம்.”

“உனக்கொரு நன்றி சொல்லணும். நீ ஒண்ணுமில்லன்னு சொன்னியே, அந்த ரெண்டு நாள் அவ பயமே இல்லாம இருந்தா. வேற டாக்டர்கிட்டப் போலாம்னேன். ‘என் தங்கச்சி பார்த்துட்டா, போதும்’னுட்டா.”

அவள் மாமாவைப் பார்த்தாள். மஞ்சள் சீட்டு அவர் தோளுக்கு நேர் பின்னால் இருந்தது. அவர் திரும்பினால் படித்துவிடலாம்.

“மாமா, கொஞ்சம் திரும்பிப் பாருங்க” என்றாள்.