டில்லிபாபு ஊதிய நாள்

பிரவீனாவுக்கு பீர் குடித்துப் பார்க்கும் ஆசை ஒருநாளும் வந்ததில்லை. காய்ச்சிப் பார்க்கும் ஆசைதான் வந்தது. வல்லம் வடகாலில் செல்போன் சார்ஜர் செய்யும் கம்பெனியில் அவளுக்குக் காலை ஷிஃப்ட். வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது, போனில் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் தன் வீட்டு அடுப்பில் பார்லியை வேகவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் தூவி மூடிவைத்து, பல நாள் கழித்து நுரை ததும்பக் கிளாஸில் ஊற்றுவதைப் பார்த்தாள். அன்று டிரெய்லர் லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றதால் பஸ் நகரவில்லை. அதே வீடியோவை மறுபடியும் மறுபடியும் பார்த்தாள். சேரப்பணஞ்சேரியில் இறங்கும்போது, நாமும் செய்து பார்க்கலாம் என்று முடிவுக்கு வந்திருந்தாள்.

அவள் புருஷன் டில்லிபாபுவுக்கு ஒரகடத்தில் லாரி பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தகடுகளை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் மெஷினில் ஆப்பரேட்டர் வேலை. எப்போதும் மதிய ஷிஃப்ட். அவள் வீட்டுக்கு வரும்போது அவன் போயிருப்பான். அவன் வரும்போது அவள் தூங்கியிருப்பாள். அதனால் இருவரும் நின்று நிதானமாகப் பேசுவது ஞாயிற்றுக்கிழமைகளில்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் விஷயத்தைச் சொன்னதும் அவனுக்கு இட்லி தொண்டையில் நின்றது.

"வூட்ல காச்சினா கேஸு ஆயிடும். போலீஸ் வண்டி வந்து வாசல்ல நிக்கும்" என்றான். "ஊர்லயே குடிக்காதவன்னு நான் பேர் வாங்கிகினு கீறேன். என் பொண்டாட்டி சரக்கு காச்சினான்னு நாளைக்கு பேசுவாங்க."

அவன் சொன்னது உண்மைதான். டில்லிபாபு குடிப்பதில்லை. விரதம், வைராக்கியம் என்றெல்லாம் எதுவும் இல்லை. அந்த வாடையே அவனுக்குக் குமட்டும். நண்பர்கள் மொட்டைமாடியில் கூடினால் இவன்தான் மிக்சர் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுப்பான். எல்லாருடைய வண்டிச் சாவியையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, கடைசியில் ஒவ்வொருவராக வீட்டில் இறக்கிவிடுவான். சாமியார் என்று அவனுக்குப் பட்டப்பெயர். வெளியே சலித்துக்கொண்டாலும் உள்ளுக்குள் அந்தப் பெயர் அவனுக்குப் பிடித்திருந்தது.

சட்டத்துக்கு விரோதமாக எதையும் செய்ய பிரவீனாவுக்கும் விருப்பமில்லை. ஆனால் ஆசை போகவில்லை. மறுநாள் கேன்டீனில் மதிவதனியிடம் சொன்னாள். இருவருக்கும் ஒரே லைன், பக்கத்துப் பக்கத்து நாற்காலி. படப்பையில் இருக்கும் மதிவதனியின் வீட்டில் அன்னாசித் தோல், நெல்லிக்காய் என்று எதையாவது ஊறவைத்த பாட்டில்கள் எப்போதும் இருக்கும். பீரை விடு, இஞ்சி பீர் பண்ணு என்றாள் அவள். பேர்தான் பீர், சரியாகச் செய்தால் சோடா மாதிரி பொங்கும், குழந்தைகூடக் குடிக்கலாம் என்றாள்.

செய்முறையையும் அவளே சொன்னாள். இஞ்சியைத் தோலோடு துருவி, சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்து ஒரு பாட்டிலில் போட்டு, தினமும் கொஞ்சம் இஞ்சியும் சர்க்கரையும் ஊட்டிக்கொண்டே வரவேண்டும். சில நாளில் அதற்கு உயிர் வந்து குமிழ் விடும். பிறகு தனியாக இஞ்சியைத் தட்டிக் கொதிக்கவைத்து, சர்க்கரை கரைத்து, நன்றாக ஆறிய பிறகு எலுமிச்சை பிழிந்து, அந்தக் குமிழ்த் தண்ணீரை இதில் கலந்து பாட்டிலில் அடைத்து வைக்கவேண்டும். எல்லாப் பாத்திரத்தையும் வெந்நீரில் அலசு, ஈரக் கரண்டியை உள்ளே விடாதே, பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பாதே என்று மதிவதனி அடுக்கிக்கொண்டே போனாள். கண்ணாடி பாட்டில்களோடு ஒரு பிளாஸ்டிக் பாட்டிலிலும் ஊற்றி வைத்தால், அதை அமுக்கிப் பார்த்தே உள்ளே காற்று எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்தப் பிளாஸ்டிக் பாட்டில் கெட்டியானதும் எல்லாவற்றையும் ஃபிரிட்ஜில் தள்ளிவிடவேண்டும். வீடியோக்காரனின் ஊர் குளிர் ஊர், நம்ம ஊர் வெயிலுக்கு இரண்டு நாளைத் தாண்டவே கூடாது என்றும் சொன்னாள்.

முதல் முறை பிரவீனாவுக்குப் பொறுமை இல்லை. கொதித்தது ஆறுவதற்குள் குமிழ்த் தண்ணீரை ஊற்றிவிட்டாள். சூட்டில் அது செத்துப்போயிற்று. பாட்டிலைத் திறந்தபோது ஒரு சத்தமும் இல்லை. டில்லிபாபு ஒரு மடக்கு குடித்துவிட்டு, சளிக்கு நல்லா கீது என்றான். அவள் அன்று முழுக்க அவனோடு சரியாகப் பேசவில்லை.

இரண்டாம் முறை எல்லாமே ஒழுங்காகப் போயிற்று. நன்றாக ஆறவைத்தாள், இடம் விட்டு ஊற்றினாள், பாட்டில்களை அடுப்புக்கு மேலே உள்ள பரணில் ஏற்றினாள். மறுநாளே கம்பெனியில் கூடுதல் நேர வேலை, ஓ.டி. போட்டுவிட்டார்கள். வாரம் முழுக்க அவள் இருட்டிய பிறகே வீட்டுக்கு வந்தாள், வந்ததும் படுத்தாள். பரணில் பாட்டில் இருப்பதே மறந்துவிட்டது.

ஓ.டி.க்கு ஈடாக வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தார்கள். மதியம் டில்லிபாபு ஷிஃப்டுக்குக் கிளம்புகிற நேரத்தில், பெருங்காய டப்பாவை எடுக்கப் பரணை எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பாகம் வெளியே தள்ளிக்கொண்டு, பாட்டில் நிற்கமுடியாமல் சாய்ந்து கிடந்தது.

அதைக் குளியலறைக்குக் கொண்டுபோனார்கள். டில்லிபாபு முகத்தைத் திருப்பிக்கொண்டு மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினான். பாட்டில் நெடுநேரம் சீறி அடங்கியது. கிளாஸில் ஊற்றியதும் வெள்ளை நுரை எழும்பியது. பிரவீனா கையைத் தட்டிக்கொண்டாள். அவன் பயந்து பயந்து ஒரு வாய் குடித்தான். இஞ்சி சுருக்கென்று தொண்டையில் இறங்கி மூக்கில் ஏறியது. அடியில் ஏதோ ஒரு கசப்பு இருந்தது. அது வேண்டாததாகத் தெரியவில்லை.

"சூப்பரா கீது, பிரவீ" என்றான். இரண்டாவது கிளாஸையும் குடித்தான். மீதியைத் தன் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு கம்பெனி பஸ் ஏறினான். வழியெல்லாம் சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொண்டே போய், தொழிற்சாலை வாசலில் இறங்கும்போது கடைசி மடக்கை வாயில் கவிழ்த்துக்கொண்டான்.

வாசலில் செக்யூரிட்டி சுப்பன், குடித்திருக்கிறார்களா என்று சோதிக்கும் மெஷினோடு நின்றுகொண்டிருந்தார். ஒருவர் விடாமல் ஊதவேண்டும். டில்லிபாபு தினமும் ஊதுவதுபோல ஊதினான். மெஷின் கீச்சென்று கத்தியது. சிவப்பு விளக்கு எரிந்தது.

வரிசை முழுக்க அவன் பக்கம் திரும்பியது. பின்னால் நின்ற ஸ்ரீதர், மொட்டைமாடிக் கூட்டாளிகளில் ஒருவன், அவன் தோளைத் தட்டி, கடைசியில் நீயும் நம்ம ஆளாயிட்டியே மச்சான் என்று மனம் நிறைந்து சொன்னான். சுப்பனால் நம்பமுடியவில்லை. மெஷின்தான் கெட்டுப்போயிருக்கும் என்று தானே ஊதிப் பார்த்தார். அவருக்குச் சத்தம் வரவில்லை. டில்லிபாபுவை மறுபடி ஊதச் சொன்னார். மறுபடியும் சிவப்பு.

"தம்பி, இன்னா குடிச்ச?"

"ஒண்ணுமில்லண்ணா. இஞ்சி பீரு."

சுப்பன் அவனை மேலும் கீழும் பார்த்தார். "அந்தப் பேர்ல பீருன்னு ஒரு வார்த்த வருதா இல்லியா?" என்று கேட்டு, செக்யூரிட்டி அறையில் கொண்டுபோய் உட்காரவைத்தார்.

வேலைக்குக் குடித்துவிட்டு வந்தால் சஸ்பெண்ட் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த விதி. பிரஸ் மெஷின் கையை வாங்கிக்கொண்டால் திருப்பித் தராது. அந்த விதி சரியென்று டில்லிபாபுவே பலமுறை பேசியிருக்கிறான். இப்போது கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே போகிற ஒவ்வொருவனும் எட்டிப்பார்த்துவிட்டுப் போனான். காது மடல் சுட்டது. இஞ்சியின் காரமா, அவமானமா என்று அவனுக்கே புரியவில்லை.

சூப்பர்வைசர் அண்ணாதுரை வந்தார். ஷிஃப்ட் தொடங்குமுன் தினமும் ஆட்களை நிறுத்திவைத்துப் பேசுகிறவர். குடிக்கு எதிராகப் பேசும்போதெல்லாம், டில்லிபாபுவைப் பாருங்கள் என்றுதான் முடிப்பார். எதிரில் இருந்த நாற்காலியில் தளர்ந்து உட்கார்ந்தார்.

"உன்ன வெச்சுத்தாண்டா மத்தவனையெல்லாம் நான் திட்டிகினு இருந்தேன்" என்றார்.

பாதுகாப்பு அதிகாரி கண்ணப்பன் நிதானமானவர். கடைசியாக எப்போது குடித்தாய் என்று கேட்டார். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது என்றான். காலி பாட்டிலை வாங்கி மோந்து பார்த்தார். வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு வந்து உட்காரச் சொன்னார். கொஞ்ச நேரம் போகட்டும், அப்புறம் ஊதிப் பார்ப்போம் என்றார். வீட்டில் இன்னும் அந்தச் சமாச்சாரம் இருக்கிறதா, இருந்தால் உன் மனைவியைக் கொண்டுவரச் சொல் என்றார்.

போன் வந்ததும் பிரவீனா கண்ணாடி பாட்டிலில் ஒன்றைத் துண்டில் சுற்றி, ஸ்கூட்டியின் சீட்டுக்கடியில் வைத்துக்கொண்டு பறந்து வந்தாள். தன்னால் அவன் வேலை போகப்போகிறது என்ற நினைப்பில், வழியில் இருந்த மேடு பள்ளம் எதுவும் அவள் கண்ணில் படவில்லை. செக்யூரிட்டி அறைக்குள் வந்தவள் ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து, அதற்குள்ளிருந்தே பேசினாள்.

"சார், தப்பு என்னுது சார். மாமா மேல ஒண்ணும் கிடையாது. இதுக்கு ரெண்டு நாள்தான் கணக்கு. நான் அடுப்பு மேல வெச்சு மறந்துட்டேன்."

கண்ணப்பன் அவளை உட்காரச் சொன்னார். விபத்து நடந்தால் விசாரிப்பதுபோலவே ஒவ்வொன்றாகக் கேட்டார். எதில் செய்தது, எங்கே வைத்தது, ஏன் இவ்வளவு நாள் இருந்தது என்றார். ஓ.டி. வந்ததால் மறந்துபோனது என்று அவள் சொன்னதும், அப்படியென்றால் ரூட் காஸ், அதாவது மூல காரணம், ஓ.டி.தான் என்றார். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. அதனால் அவர் சொன்னது விளையாட்டு என்று புரிய மற்றவர்களுக்குச் சற்று நேரம் ஆயிற்று. அதிக நாள் சூட்டில் கிடந்ததால் சர்க்கரை மேலும் புளித்து லேசாகச் சாராயம் சேர்ந்திருக்கும், அது வாயில் ஈரமாக இருக்கும்போதே ஊதினால் மெஷின் கூடுதலாகக் காட்டும் என்று சுப்பனுக்கு விளக்கினார். பிறகு டில்லிபாபுவை ஊதச் சொன்னார்.

டில்லிபாபு கண்ணை மூடிக்கொண்டு ஊதினான். சத்தமில்லை. மறுபடியும் ஊதச் சொன்னார். அப்போதும் இல்லை. பிரவீனா அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

அண்ணாதுரைக்கு மட்டும் மனம் சமாதானமாகவில்லை. மேஜைமேல் இருந்த பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். மோந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்று மூடியில் கை வைத்தார். பிரவீனா, "சார், தொறக்காதீங்க" என்று எழுந்திருப்பதற்குள் திருகிவிட்டார்.

மூடி போய் விட்டத்தில் இடித்தது. ஓடிக்கொண்டிருந்த மின்விசிறிவரை நுரை எழும்ப, விசிறி அதை அறை முழுக்க வாரி இறைத்தது. சுப்பனின் தொப்பி, கண்ணப்பனின் சட்டை, சுவரில் இருந்த பாதுகாப்பு வாசகப் பலகை எல்லாம் நனைந்தன. பாட்டிலை அடக்கவேண்டும் என்ற அவசரத்தில் அண்ணாதுரை அதன் வாயில் தன் வாயை வைத்துவிட்டார். இரண்டு மடக்கு உள்ளே போன பிறகுதான் அவரால் பாட்டிலை எடுக்க முடிந்தது.

கண்ணப்பன் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இப்போது நீங்கள் ஊதுங்கள் என்றார். அண்ணாதுரை ஊதினார். மெஷின் கீச்சென்று கத்தியது.

முதலில் சிரித்தவர் சுப்பன்தான். பிறகு ஜன்னலுக்கு வெளியே கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணாதுரை சிவப்பு விளக்கையும் டில்லிபாபுவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மன்னிச்சுக்கடா" என்றவர் உதட்டைத் துடைத்துக்கொண்டார். கொஞ்சம் பொறுத்து, "காரம் நல்லா கீதும்மா" என்று பிரவீனாவிடம் சொன்னார்.

டில்லிபாபுமீது எந்த நடவடிக்கையும் இல்லை என்றார் கண்ணப்பன். ஆனால் ஒருமுறை சிவப்பு எரிந்தவனை அன்று பிரஸ் பக்கம் விடமாட்டேன், ஒருநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போ என்றும் சொல்லிவிட்டார். டில்லிபாபு அதை மறுக்கவில்லை. அண்ணாதுரை வாயைக் கொப்பளித்துவிட்டு, சற்றுமுன் டில்லிபாபு உட்கார்ந்திருந்த நாற்காலியில் தன் முறைக்காக உட்கார்ந்தார்.

ஸ்கூட்டியை டில்லிபாபு ஓட்டினான். கொஞ்ச தூரம் போனதும் அவன் முதுகில் ஏதோ குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்து வண்டியை ஓரம் கட்டினான். பிரவீனா சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் பாட்டில்ல வாய வெச்சாரே மாமா என்றாள். அதற்குமேல் அவனாலும் அடக்கமுடியவில்லை. ஷேர் ஆட்டோவில் போனவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு இருவரும் சாலையோரத்தில் நின்று சிரித்தார்கள். வேலைநாள் ஒன்றில் வெயில் தாழ்வதை இருவரும் சேர்ந்து பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று அவளுக்குத் தோன்றியது. வீட்டுக்குத் திரும்ப மனம் வரவில்லை. படப்பைவரை போய், பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டு, கடைத்தெருவில் ஒன்றும் வாங்காமல் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தார்கள்.

ஷிஃப்டுக்கு முன்னால் புளிக்கவைத்த எந்தப் பானத்தையும் குடிக்கவேண்டாம் என்று அடுத்த வாரம் கேன்டீனில் அறிவிப்பு ஒட்டினார்கள். டில்லிபாபுவின் சாமியார் பட்டம் போய், இஞ்சி என்ற பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. அது அவனை உறுத்தவில்லை. அடுத்த முறை நானே செய்கிறேன் என்று பிரவீனாவைச் சமையலறையிலிருந்து வெளியே அனுப்பினான். இந்தத் தடவை ஃபிரிட்ஜில் பாலுக்கும் மாவுக்கும் நடுவே பாட்டிலுக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கினான். நாள் கடந்துவிடுமோ என்ற பயத்தில், பாட்டில் கெட்டியாகுமுன்பே எடுத்து உள்ளே வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை திறந்தார்கள். நுரை இல்லை, பாட்டிலிலிருந்து மெல்லிய ஒரு பெருமூச்சு மட்டும் வந்தது. பிரவீனா ஒரு வாய் குடித்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் தன் கிளாஸைக் குடித்து முடித்துவிட்டு, மதிவதனியின் நம்பரைத் தனக்கு அனுப்பச் சொன்னான்.