தள்ளி வைத்த கல்யாணம்

சென்னையிலிருந்து வந்த தந்தியை எடுத்துக்கொண்டு தெய்வசிகாமணி நேரே லூர்துநாதனிடம்தான் போனார். பிரெஞ்சு கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த லூர்துநாதனுக்கு இங்கிலீஷும் வரும் என்று கருவடிக்குப்பத்தில் பேர். உண்மையில் அவனுக்குப் பிரெஞ்சுதான் வரும். இங்கிலீஷ் ஒரு பழைய அகராதியின் தயவு.

தந்தியில் ஐந்தே வார்த்தை. மேரேஜ் புட் ஆஃப், லெட்டர் ஃபாலோஸ். கடிதம் வரும் என்பது விளங்கிவிட்டது. 'புட்' என்றால் வை. 'ஆஃப்' என்றால் அப்பால். கல்யாணத்தைத் தள்ளி வைக்கிறார்கள். தமிழில் நாளைத் தள்ளி வைப்பதும் உண்டு, கட்டியவளைத் தள்ளி வைப்பதும் உண்டு. எது என்று அவன் கொஞ்சம் நின்று யோசித்திருக்கலாம். எதிரே பெண்ணைப் பெற்றவர் வியர்த்துப்போய் நிற்கவே, பதற்றத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டான். "வேணாம்னு சொல்றாங்க ஐயா."

அன்று சாயங்காலமே பந்தல் பிரிக்கப்பட்டது. வர வேண்டாம் என்று மேளக்காரருக்கு ஆள் போனது. கல்யாணப் பெண் அமிர்தவல்லியின் அம்மா அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதாள்.

எட்டாம் நாள் கடிதம் வந்தது, தமிழில். மாப்பிள்ளை சக்கரபாணியின் பெரியப்பா திடீரென்று காலமாகிவிட்டாராம். வைகாசி முகூர்த்தம் வேண்டாம், ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார்கள்.

லூர்துநாதனுக்குச் சேதி எட்டியபோது உடம்பு கூசியது. சொன்ன வாய் தானே போய் நிற்க வேண்டும் என்று கிளம்பினான். தெய்வசிகாமணி அவனைக் கோபிக்கவில்லை. சந்தோஷத்தில் இருந்தார், பந்தலைத் திரும்பப் போட எத்தனை நேரம் ஆகும் என்றார். அப்போதுதான் அமிர்தவல்லி உள்ளேயிருந்து வந்தாள்.

"அண்ணன் மேல தப்பில்லப்பா," என்றாள். "கல்யாணம் நின்னுபோச்சுன்னு இந்த எட்டு நாளும் நெனச்சிட்டிருந்தேன். அம்மா அழுதாங்க. எனக்கு ஒரு சொட்டு வரல. மனசு லேசா இருந்திச்சு. இப்ப நடக்கும்னு தெரிஞ்சதும் பாரமாயிடிச்சு. எனக்கு வேணாம்பா."

தெய்வசிகாமணி தோப்புப் பக்கம் போய்விட்டார். மூன்று நாள் மகளோடு பேசவில்லை. நாலாம் நாள் லூர்துநாதனின் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"கல்யாணம் வேணாம்னு தமிழ்ல எழுத எனக்குக் கை வரல. இங்கிலீஷ்லயே ஒரு தந்தி அடிச்சுடு தம்பி."

இந்தத் தடவை லூர்துநாதன் அகராதியைத் தொடவில்லை. கடலூரில் இங்கிலீஷ் படித்துவிட்டு வந்து இங்கே வாத்தியாரம்மாவாக இருந்த ஸ்டெல்லாமேரியிடம் அவரையும் கூட்டிக்கொண்டு போனான். நடந்தது அத்தனையும் கேட்டுவிட்டு அவள் ஒரு தாளில் மூன்று சொற்களை எழுதினாள். 'புட் ஆஃப்' என்றால் நாள் மாறும், காரியம் நிற்காது என்று முதலில் விளக்கினாள். பிறகு தாளைக் காட்டினாள். 'கேன்சல்' என்பது ரயில் சீட்டை ரத்து செய்வது போல. 'கால் ஆஃப்' என்றால் கல்யாணம் நின்றது என்று மட்டும் சொல்லும்; யாரால் நின்றது என்பதைச் சொல்லாது. 'வித்ட்ரா' என்றால் நாங்களே பின்வாங்குகிறோம் என்று ஆகும்.

லூர்துநாதன் இரண்டாவதைக் காட்டி, அதுவே கௌரவம் என்றான். தெய்வசிகாமணி வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"அவங்க வீட்ல சாவு விழுந்திருக்கு. அந்தப் புள்ளய நாலு பேரு குத்தம் சொல்லக் கூடாது. நாங்கதான் பின்வாங்குனோம்னே இருக்கட்டும்."

அப்படியே தந்தி போனது. சென்னையிலிருந்து சுருக்கமாக, கோபமாக ஒரு கடிதம் வந்தது. அவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு மடித்து வைத்தார். ஆவணியில் சக்கரபாணிக்கு வேறிடத்தில் கல்யாணம் நடந்ததாகக் கேள்விப்பட்டார்கள்.

ஒன்றரை வருஷம் கழித்து அரியாங்குப்பத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. தெய்வசிகாமணி வந்தவர்களை உட்கார வைத்துவிட்டு, உள்ளே போய் மகளிடம் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றாள் அமிர்தவல்லி. பெண் யோசிக்கிறாள், ஒரு வாரம் கழித்து வாருங்கள் என்று அவர் வெளியே வந்து சொன்னார்.