காலை மடக்கிய நெசவாளர்

"அம்மா, நீங்க கொஞ்சம் எழுந்திரிங்க" என்றார் போட்டோக்காரர் அந்தோணி.

கலாவதி ஊடு இழை ஓட்டும் நாடாவைப் பிடித்த கையோடு நிமிர்ந்து பார்த்தாள். விடிவதற்குள் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு, தறிக்குழிக்குள் கால்களை இறக்கி அவள் உட்கார்ந்திருந்தது எழுந்திரிப்பதற்காக அல்ல. பட்டணத்துப் பத்திரிகை ஒன்று காஞ்சிபுரத்துத் தறிகளைப் படம்பிடிக்க ஆள் அனுப்புகிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவளுக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. ஆண்பிள்ளை இல்லாத அப்பா அவளுக்குத்தான் தறியைப் பழக்கினார். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. நெசவாளர் சங்கத்தில் அவருடைய இடத்தைத் தன் பெயருக்கு மாற்றச் சொல்லி மனு எழுதி எழுதி அவள் விரல் தேய்ந்ததுதான் மிச்சம். பட்டு ஜரிகைச் சேலையை ஒரு பெண் தனியாக நெய்கிறாள் என்பதை எப்படி நம்புவது என்று சங்கத்தில் இழுத்தார்கள். வந்து பாருங்கள் என்றால் ஆளுக்கொரு சாக்கு சொன்னார்கள். பத்திரிகையில் படம் வந்துவிட்டால் அத்தனை வாயும் அடைத்துப்போகும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள்.

"நான் இருக்கறத இருக்கற மாதிரி எடுக்கறவன்மா" என்று சொல்லிக்கொண்டே அந்தோணி டிரான்சிஸ்டரைத் தூக்கி வாசலில் வைத்தார். பல்பைக் கழற்றினார். பக்கத்து வீட்டு தேவகியிடம் ஒரு பழைய மண்பானை கேட்டு வாங்கி மூலையில் வைத்தார். கடைசியில், டவுன் பஸ் டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கலாவதியின் புருஷன் வீரபாகுவின் மேல் கண் விழுந்தது.

"நீங்க சட்டையக் கழட்டிட்டுத் தறியில உக்காருங்க. அம்மா ராட்டினம் சுத்தட்டும்."

"இன்னா சார்! எனக்கு டிக்கெட் கிழிக்கத்தான் தெரியும். நெய்யறது இவதான்."

"இருக்கட்டும் சார். பொம்பள நெய்யறாங்கன்னு போட்டா படிக்கறவங்க நம்பமாட்டாங்க. ஜோடிச்ச மாதிரி இருக்கும்."

கலாவதி நாடாவைக் கீழே வைத்தாள். மறுத்தால் அடுத்த தெருவில் ஆயிரம் தறி இருக்கிறது, மனிதர் போய்விடுவார். வீரபாகுவோ அதற்குள் காக்கிச்சட்டையைக் கழற்றிவிட்டு, பத்திரிகையில் வரப்போகிற முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் எழுந்து போய் ராட்டினத்தின் முன்னால் உட்கார்ந்தாள்.

"காலு குழிக்குள்ள போயிட்டா ஆளு பாதிதான் தெரியறீங்க. மேல தூக்கிச் சம்மணம் போடுங்க. ஆ... அப்படித்தான்!" என்றார் அந்தோணி, தறியில் உட்கார்ந்த வீரபாகுவிடம்.

தறியில் காலை மடக்கி உட்கார்ந்து எவனும் நெய்ய முடியாது. குழிக்குள் மிதியைக் கால் அழுத்தினால்தான் பாவு இழை மேலும் கீழுமாகப் பிரியும், நாடா போக வழி கிடைக்கும். பல ஆண்டாய்ப் பார்த்துக்கொண்டிருக்கிற வீரபாகுவுக்கே அது உறுத்தியது.

"கலா, காலு உள்ள இருக்க வேணாமா?"

சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சட்டென்று அவளுக்கு வேறொன்று தோன்றி, சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"சாரு சொல்றத செய்யி. அவுருக்குத் தெரியாததா?"

ஆடி கழிந்து பத்திரிகை வந்தது. முழுப்பக்கப் படம். கீழே, 'தறியே தவமாக நெசவாளர் வீரபாகு. அருகில் உதவும் துணைவி.' அவள் அதை மடித்து எடுத்துக்கொண்டு நேராகச் சங்கத்துக்குப் போனாள். கூட்டம் நடந்துகொண்டிருந்தது.

காரியதரிசி வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார். "பேப்பர்லயே போட்டுக்கீறான், நெய்யறது உன் ஊட்டுக்காருன்னு. அப்புறம் இன்னாம்மா?"

போட்ட கணக்கு தப்பிவிட்டதோ? ஆனாலும் அவள் விடவில்லை. பத்திரிகையைத் தலைவர் கண்ணாயிரத்தின் முன்னால் விரித்தாள். அவர் நாற்பது வருஷம் தறிக்குழியில் கால் வைத்தவர்.

"படிக்க வேணாம்ணா. காலப் பாருங்க."

கண்ணாயிரம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். பிறகு அவருடைய தோள் குலுங்கியது.

"டேய், இங்க வந்து பாருங்கடா! சம்மணம் போட்டுக்கினு நெய்யறான்டா! மிதி இல்லாமயே பாவு பிரியுதாம்!" சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறியது. படம் கைக்குக் கை போயிற்று. "முழங்கை வரைக்கும் கறுப்பு, மேல வெளுப்பு. வெயில்ல பஸ்ல தொங்கற கையிடா இது!" என்றார் ஒருவர். கண்ணைத் துடைத்துக்கொண்டு தலைவர் கேட்டார்: "அப்ப அந்தத் தறியில ஏறியிருக்கற சேலைய ஆரும்மா நெய்ஞ்சது?"

"நாளைக்கு வாங்கண்ணா. கால் எங்க இருக்குதுன்னு காட்டறேன்."

இந்தத் தடவை சாக்குச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. மறுநாள் ஐந்து பேர் வந்து, ஒரு மணி நேரம் நின்று பார்த்து, அங்கேயே அவள் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் கலாவதி தெருவுக்கே கேசரி கிண்டினாள். வீரபாகுவைத்தான் பஸ்ஸில் ஒருவரும் விடவில்லை. "நெசவாளரே, செவிலிமேடு ஒண்ணு!" என்றார்கள், அவனும் பெருமையாகவே டிக்கெட் கிழித்துக் கொடுத்தான்.

புரட்டாசியில் அந்தோணி மறுபடியும் வந்தார். ஓரிக்கை, மாகறல் என்று எங்கெங்கிருந்தோ நெசவாளர்கள், சம்மணம் போட்டு எவன் நெய்வான் என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள். முகம் கொடுக்க முடியாமல் வாசலிலேயே நின்றார்.

"இந்தத் தடவை எதையும் தொடமாட்டேம்மா. இருக்கறது அப்படியே இருக்கட்டும்."

"செத்த இருங்க" என்று உள்ளே போனவள் அரை மணி கழித்து வந்தாள். கல்யாணத்துக்கு அவளே நெய்த அரக்குச் சேலை, முகத்தில் பவுடர், தலை நிறைய கனகாம்பரம். டிரான்சிஸ்டரைத் துடைத்துத் தறிப்பக்கம் வைத்தாள். ராட்டினத்தின் முன்னால் வீரபாகுவைச் சம்மணம் போட வைத்தாள்.

அந்தோணி தயங்கினார். "தினமும் இப்படித்தான் நெய்வீங்களாம்மா?"

"தினமும் இல்ல சார். இன்னிக்கி இப்படித்தான்."

அவர் சிரித்துவிட்டு கேமராவுக்குள் குனிந்தார். கலாவதி தறியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். படத்தில் விழாத குழியின் இருட்டுக்குள் அவள் கால்கள் இறங்கின. மெட்டி போட்ட விரல்கள் மிதியைத் தேடி அழுத்த, மேலே இழைகள் இரண்டாகப் பிரிந்து வழி விட்டன.