சாங்தேயின் சத்தம்

சியோலின் சின்லிம் மேட்டில், முட்டைக்கோஸ் விலை தாறுமாறாக ஏறிய வருடம், பியோ சாங்தேயின் சத்தங்கள் பிந்தி வரத் தொடங்கின. அவன் கதவைச் சாத்திவிட்டு, செருப்பைக் கழற்றி, உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான் கதவு சாத்தும் ஓசை கேட்கும். அப்போது அவனுக்கு வயது இருபத்தைந்து. கணினியில் படை திரட்டிப் போர் நடத்தும் விளையாட்டைச் சம்பளத்துக்கு ஆடுகிறவர்களுக்கு அது கிழவயது. அணி முழுவதும் ஒரே வாடகை வீட்டில் தங்கி, எழுந்தது முதல் படுக்கும்வரை ஆடிக்கொண்டே இருந்தார்கள். அந்த விசைப்பலகை இரைச்சலில் யாருடைய சத்தம் முந்துகிறது, யாருடையது பிந்துகிறது என்று யார் பார்ப்பது? அவர்களுக்குச் சமைத்துப் போட்ட பாங் சித்திதான் முதலில் கவனித்தாள். "என்னடா இது, நீ தும்மி முடிச்சு மூக்கையும் தொடச்சாச்சு, இப்பதான் தும்மல் கேக்குது!" என்றாள். மருத்துவரிடம் போனார்கள். அவர் சாங்தேயின் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, வெந்நீர் குடிக்கச் சொன்னார்.

அதே வருடம் மொக்போவிலிருந்து கியூமின் வந்து சேர்ந்தான். பதினேழு வயது, பென்சில் மாதிரி உடம்பு, பெட்டிக்குள் சாங்தேயின் சுவரொட்டி. புதிதாகச் சேர்ந்தவன் கழிப்பறை கழுவ வேண்டும், அண்ணன்மாருக்கு முன் கரண்டியைத் தொடக்கூடாது என்பது அந்த வீட்டு முறை. கியூமின் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தான். ஆனால் கணினி முன் உட்கார்ந்தால் அவன் விரல் விசையைத் தொடுவதற்குள் சத்தம் வந்துவிடும். மூத்தவர்கள் ஒவ்வொருவராக அவனிடம் தோற்றார்கள். தோற்றவர்கள் சொந்த ஊருக்குப் போய்க் கோழி வறுக்கும் கடை போட்டார்கள். சாங்தே மட்டும் தாக்குப்பிடித்தான். சத்தத்தோடு கட்டளைகளும் பிந்துகின்றனவா, சரி, எதிரி எங்கே வருவான் என்று முன்னாலேயே ஊகித்து, முன்னாலேயே தட்டிவைத்தான். பத்து வருட அனுபவத்தை அப்படித்தான் செலவழித்தான்.

வசந்தகாலத் தொடரின் அரையிறுதியில், அரங்க மேடையில் ஆளுக்கொரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து இருவரும் மோதினார்கள், சாங்தே தோற்றான். தோற்றவன் 'நல்ல ஆட்டம்' என்று பொருள்படும் 'ஜிஜி' என்ற இரண்டெழுத்தைத் தட்டி, தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். அதைத் தட்டினால் ஆட்டம் முடிந்தது. சாங்தே தட்டினான், திரையில் ஒன்றும் வரவில்லை. தோல்வியை ஒப்புக்கொள்ள மனமில்லாத கர்வி என்று இணையம் முழுக்க அவனைக் கரித்துக்கொட்டியது. கியூமின் மட்டும் அவன் பக்கம் நின்றான். "அண்ணே, நீங்க தட்டினத நான் கண்ணாடிக் கூண்டுக்குள்ள இருந்து பாத்தேன். எவன் என்ன சொன்னா என்ன?" என்றான். சாங்தேக்கு அந்த ஆறுதல்தான் தோல்வியைவிடக் கசந்தது.

கோடைக்குள் எல்லாருக்கும் ஒரு கணக்கு பிடிபட்டது. லேசான சொற்கள் ஒரு நாளில் வந்துவிடும், கனமானவை மாதக்கணக்கில் பிந்தும். வீட்டார் அவன் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பழகினார்கள். பயிற்சியாளர் ஹா மட்டும் சுற்றி வளைக்காமல் சொன்னார். "பட்டாளத்துக் கடுதாசிய இதுக்கு மேல தள்ளிப்போட முடியாதுப்பா. சாம்பியன்னா பேசிப் பாக்கலாம். இல்லன்னா உன் நாற்காலி கியூமினுக்கு." அந்த நாட்டில் ஆண்பிள்ளை எவனும் பட்டாளத்துக்குப் போயே ஆகவேண்டும், போனவனுக்கு விரலின் வேகம் திரும்பி வந்ததில்லை என்பது ஊரறிந்தது. ஆகவே இலையுதிர்காலத் தொடரின் கோப்பைதான் சாங்தேக்கு மிஞ்சிய வாழ்க்கை. அவன் ஒவ்வொருவராக வீழ்த்திக்கொண்டு இறுதிக்குப் போனான். எதிரே கியூமின் நின்றான்.

இறுதி நாள் சாங்தேயின் பிறந்தநாளாக அமைந்தது. காலையில் அவன் சமையலறை வாசலில் நின்று உதட்டை அசைத்தான். பாங் சித்தி பார்த்துவிட்டுச் சிரித்தாள். "போட்டிக்குப் போற நாள்ல எவனாவது கடற்பாசி சூப்பு குடிப்பானா? வழுக்கி விட்ரும்டா! ஜெயிச்சிட்டு வா, அண்டா நெறைய வச்சுத் தர்றேன்." பிறந்தநாளன்று அந்த சூப்பு குடிக்காதவனுக்கு ஒரு வயது பாக்கி நிற்கும் என்பார்கள். சாங்தே தலையாட்டிவிட்டு வண்டி ஏறினான்.

அன்று அவன் ஆடியதை இன்றும் பேசுகிறார்கள். கியூமினின் படை எங்கே திரும்பினாலும் அங்கே சாங்தேயின் படை ஏற்கனவே நின்றது. கடைசி ஆட்டத்தில் பையனின் கோட்டை எரிந்துகொண்டிருந்தது, கூட்டம் எழுந்து நின்று சாங்தேயின் பெயரைக் கத்தியது. அந்த நேரத்தில் திரையில், சாங்தேயின் பெயருக்கு எதிரே, வசந்தத்தில் தட்டிய 'ஜிஜி' வந்து சேர்ந்தது. நடுவர் கையை உயர்த்தினார். கியூமின் கூண்டிலிருந்து ஓடிவந்து அவர் சட்டையைப் பிடித்தான். "அது பழசு சார்! அது போன தடவ தட்டினது! நான்தான் சார் தோத்தேன், என் ஊடு எரியுது பாருங்க!" நடுவர் கெட்டவரல்ல. "எழுத்து அவர் பேர்லதான தம்பி வந்திருக்கு" என்றார். அதற்குமேல் அவர் என்னதான் செய்வார்? சாங்தே கூண்டுக்குள் எதையோ கத்தினான், ஒருவருக்கும் கேட்கவில்லை. அன்றே பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். அண்டாவில் சூப்பு ஆறிப்போய்க் கிடந்தது. பாங் சித்தி அதைக் கொட்ட மனமில்லாமல் மூன்று வேளையும் தானே குடித்தாள்.

பட்டாளத்தில் 'ஆமாம் ஐயா' பிந்தி வந்ததற்காக அவனைத் திடலைச் சுற்றி ஓடவிட்டார்கள், பிறகு அலுத்துப்போய்க் கிடங்கில் தள்ளினார்கள். திரும்பி வந்து ஜொஞ்சுவில் கோழிக்கடை போட்டான். நேற்று வந்தவர்களுக்குச் சொன்ன 'வாங்க' இன்று வந்தவர்களுக்குக் கிடைத்தது, ஒருவரும் குறைசொல்லவில்லை. போட்டி நடந்த அரங்கை மூடி அதில் துணிக்கடை வைத்தார்கள். ஒரு மழைநாளில் அங்கே சட்டை மடித்துக்கொண்டிருந்த பெண்கள், "நான் தோக்கல! நான் தோக்கல!" என்று ஓர் ஆண் அழுவதைக் கேட்டார்கள். அழுகை நின்றதும் மிச்சச் சட்டைகளை மடித்தார்கள்.

சில வருடம் கழித்துக் கியூமினிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. 'அண்ணே, அடுத்த வாரம் நானும் பட்டாளத்துக்குப் போறேன். உங்க பொறந்தநாளுக்கு நம்ம சின்லிம் வீட்டுக்கு வாங்க, ஒண்ணா சாப்பிடலாம்.' சாங்தே போனான். மேசையைச் சுற்றி முகம் தெரியாத பிள்ளைகள் இருந்தார்கள். கியூமினைத் தோற்கடித்த பதினைந்து வயதுக்காரன் அவனுக்கே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். சாங்தே தன் பழைய இடத்தில் உட்கார்ந்தான். அப்போது சமையலறை வாசலிலிருந்து, ஒருவரும் நிற்காத இடத்திலிருந்து, இளங்குரல் ஒன்று கேட்டது.

"சித்தி, இன்னிக்கு எனக்குப் பொறந்தநாளு. சூப்பு இல்லையா?"

அது இத்தனை கனமான சொல் என்று சாங்தேக்கே அதுவரை தெரியாது. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அழுகைச் சத்தம் வரவில்லை. பாங் சித்தி வாசலைப் பார்த்து, "இருக்குடா, இருக்கு, கத்தாத" என்று சொல்லிவிட்டு, கிண்ணம் நிறைய ஊற்றிக்கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். அவன் வழித்துக் குடித்துவிட்டு உதட்டை அசைத்தான். "தெரியும், தெரியும். அது வர்றப்ப வரட்டும். நான் எங்க போகப்போறேன்?" என்றாள்.

பக்கத்தில் கியூமின் கரண்டியைக் கீழே வைத்தான். அவன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்த பிறகு, கரண்டி மேசையில் படும் சத்தம் கேட்டது. அந்தப் பதினைந்து வயதுக்காரன் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தான். பாங் சித்தி, "பாத்துக்கிட்டு இருக்காம சாப்பிடுடா, ஆறிடும்" என்றாள். அவன் சாப்பிட்டான்.